கைப்பேசி உணர்த்தும் பந்த தத்துவம்

மும்மணிகளே முத்திக்கு வழியென உலகிற்கு உணர்த்தியருளிய அருகப் பெருமானின் திருவடித் தாமரைகளை மனம், மொழி, மெய்களால் வணங்கி, பந்தம் என்னும் தத்துவத்தைக் குறித்து இவ்விதழில் சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

தத்துவங்கள் ஏழு. உயிர், உயிரல்லது, ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என்பன அவை. இவற்றை நம் குழந்தைகள் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். நாமும் ஆலயங்களில் பன்முறை கேட்டிருக்கின்றோம். ஆயினும் ‘கட்டு’ என்று வாயால் மொழியும்போது, அஃது எவ்வாறு கட்டுகிறது, எப்பொழுது கட்டுகிறது, கட்டுண்டவர் அதனை ஏன் உணர்வதில்லை என்னும் வினாக்கள் நம் உள்ளத்தில் எழுவதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய சொல், நாளடைவில் பொருளை இழந்து ஓசையாக மட்டும் நின்றுவிடுகிறது.

நாம் இளமையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை முதல் விதியாகக் கற்பித்தனர். புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்துக் கூட்டலைக் கற்பித்தோம். அவ்விதியை இன்றும் மறந்தோமில்லை. கர்ம பந்தம் கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த ஒரு கட்டு இன்று ஏறத்தாழ ஒவ்வோர் இல்லத்திலும் உள்ளது. அதனைப் புளியங்கொட்டையாகக் கொண்டு இப்பாடத்தைத் தொடங்குவோம். அது நம் கையில் இருக்கும் கைப்பேசியே ஆகும்.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

அயல்நாட்டில் பணியாற்றும் எம் மூத்த மகன் 2017 ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது, தாம் பயன்படுத்திய கைப்பேசியை எமக்கு அளித்துச் சென்றார். அதற்கு முன்னர்ப் பொத்தான்கள் உள்ள சிறிய கைப்பேசியையே வைத்திருந்தோம். புதியதைப் பழகுவதற்கு மூன்று திங்கள் ஆயின. பிறகு அது கண்ணாடியைப் போல், ஊன்றுகோலைப் போல் ஆகிவிட்டது. ஆலயத் திருவிழாப் படங்கள், உறவினர் இல்லத் திருமணப் படங்கள், நாம் சுவாத்தியாயத்தின்போது எழுதி வைத்த குறிப்புகள் ஆகிய அனைத்தும் அதற்குள்ளேயே சேர்ந்தன.

2021 ஆம் ஆண்டு பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் எம் துணைவர் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடன் இருக்க எவருக்கும் அனுமதியில்லை. பத்தொன்பது நாட்கள் அவர் அங்கே இருந்தார். மூச்சு வாங்கும் நிலையிலும் ஒவ்வொரு மாலையும் செய்திச் செயலி வழியாகத் தம் குரலைப் பதிவு செய்து அனுப்புவார். “பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டியா?” என்பதே அவர் கேட்கும் முதல் கேள்வி. இல்லறத்தில் நாங்கள் இருவரும் வழுவாது காத்த நியமம் அஃது ஒன்றே ஆதலின், அதனையே அவர் கேட்பார். நாற்பத்தொரு பதிவுகள் வந்தன. அதன் பின்னர் வரவில்லை.

ஆண்டுகள் சென்றன. கைப்பேசியின் மின்கலம் நலிந்து, காலையில் ஏற்றிய மின்சாரம் நண்பகலில் தீர்ந்துவிடும் நிலை வந்தது. எம் ஊரிலோ, அருகிலுள்ள நகரத்திலோ அதனைச் செப்பனிடுவோர் இல்லை. மகளின் குடும்பத்தினர் அனைவரும் வேறு நிறுவனத்தின் இயங்குதளத்தில் இயங்கும் கைப்பேசிகளையே வைத்துள்ளனர். அவற்றின் விலை குறைவு; எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதும் எமக்கு எளிதாயிருந்தது. “ஆயா, இதுக்கு மாறிடுங்க” என்று எம் பேத்தி இரண்டாண்டுகள் வேண்டினாள். இயந்திரம் பழகிவிட்டது, இந்த அகவையில் மீண்டும் கற்க இயலாது என்று நாமும் இரண்டாண்டுகள் விடையிறுத்தோம். அது பொய்யான விடை. குரல்கள் போய்விடும் என்னும் அச்சமே மெய்யான விடை. சத்தியத்தை மாணவர்க்குப் போதித்த வாயினால் பேத்தியிடம் உண்மையை மறைத்தோம்.

இறுதியில், அப்பழைய கைப்பேசியில் செய்திச் செயலி இனி இயங்காது என்று ஓர் அறிவிப்பு வந்தது. வேறு வழியின்றி இசைந்தோம். ஒரு ஞாயிறன்று பேத்தி புதிய கைப்பேசியுடன் வந்து, இரண்டையும் கம்பியால் இணைத்து மாற்றத் தொடங்கினாள். பாதி வழியில் மாற்றம் நின்றுவிட்டது. மறுபடியும் தொடங்கினாள், மறுபடியும் நின்றது. இரவாகிவிட்டபடியால் காலையில் பார்ப்போம் என்று உறங்கச் சென்றாள்.

நாம் உறங்கவில்லை. சாமாயிகத்திற்கு அமர்ந்தோம், மனம் அமரவில்லை. பஞ்ச நமஸ்காரத்தை நாவு சொல்ல, எண்ணம் அந்த இரண்டு கருவிகளுக்கிடையே கிடந்த கம்பியிலேயே தொங்கிக் கொண்டிருந்தது. அன்பானதைப் பிரிவோமோ என்று மனம் ஓயாது உழல்வதை இஷ்ட வியோக ஆர்த்த தியானம் என்று ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். பலமுறை பிறருக்கு விளக்கியிருக்கின்றோம். அவ்விரவில்தான் அதன் பொருள் எமக்கு விளங்கிற்று.

குதிரும் நெல்லும்

நிற்க. இக்கட்டு எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதைச் சற்று அறிந்து கொள்வது நலம். ஏனெனில் காரணம் அறியாதவர் கட்டையும் அறியார்.

தொலைபேசி எண்ணைப் பொறுத்தவரை நமக்கு விடுதலை கிடைத்துவிட்டது. 2011 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் நாள் முதல் நாடெங்கும், எண்ணை மாற்றாமலேயே சேவை நிறுவனத்தை மாற்றிக் கொள்ளும் உரிமை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், சேவை பிடிக்கவில்லை எனினும், உறவினர்க்கெல்லாம் புதிய எண்ணைத் தெரிவிக்க வேண்டுமே என்று அஞ்சிப் பலர் பொறுத்துக் கொண்டிருந்தனர். இன்று எண் நம்முடன் வருகிறது.

ஆனால் கைப்பேசிக்குள் இருப்பவை அவ்வாறு எளிதில் வருவதில்லை. இன்று உலகில் விற்கப்படும் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டு இயங்குதளங்களுள் ஒன்றைச் சார்ந்தவை. ஒன்று, ஆப்பிள் நிறுவனம் 2007 ஆம் ஆண்டு ஐபோனுடன் வெளியிட்டது. மற்றொன்று, கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு. அதில் இயங்கும் முதற் கைப்பேசி 2008 இல் விற்பனைக்கு வந்தது. இவ்விரண்டும் இரு வேறு ஊர்களைப் போன்றவை. ஓர் ஊரின் கடையில் விலை கொடுத்து வாங்கிய செயலியை மற்றோர் ஊருக்குக் கொண்டு செல்ல இயலாது. அங்கே மீண்டும் விலை கொடுத்தல் வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரம் ஐபோனுடன் மட்டுமே இணையும். வாட்ஸ்அப் உரையாடல்களின் காப்புப் படிவங்கள் ஐபோனில் ஐகிளவுட் என்னும் கிடங்கிலும், ஆண்ட்ராய்டில் கூகுளின் கிடங்கிலும் வைக்கப்படுகின்றன. ஒரு கிடங்கில் வைத்ததை மற்றதில் திறக்க முடியாது. ஒரு தளத்திலிருந்து மற்றதற்கு உரையாடல்களை முறையாக மாற்றும் வழி 2021, 2022 ஆம் ஆண்டுகளில்தான் ஒவ்வொரு திசையாகத் திறக்கப்பட்டது.

இவற்றை நம் வழக்கில் சொல்வதாயின், நெல் நம்முடையது, குதிர் அவர்களுடையது. நாம் உழுது, நட்டு, அறுத்த நெல்லை அயலார் குதிரில் கொட்டி வருகின்றோம். கொட்டும் வாய் அகலமாயுள்ளது. எடுக்கும் வாயோ குறுகியது. முதலில் குதிருக்கு வாடகையும் கேட்பதில்லை. கூகுளின் படக் கிடங்கு 2015 இல் தொடங்கப் பெற்றபோது, சற்றுச் சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களாயினும் இலவசமாக வைக்கலாம் என்றனர். மக்கள் வைத்தனர். 2021 ஜூன் 1 முதல் புதியனவாய்ச் சேரும் படங்கள் அனைத்தும் 15 ஜிகாபைட் என்னும் இலவச அளவுக்குள் கணக்கிடப்படலாயின. ஆப்பிள் நிறுவனம் இலவசமாக அளிப்பது 5 ஜிகாபைட்டே. அதற்கு மேல் வேண்டுவோர் திங்கள்தோறும் கட்டணம் செலுத்துகின்றனர். நெல்லை எடுத்து வைக்க வேறு குதிர் இன்மையின் செலுத்துகின்றனர்.

மற்றொரு செய்தி வியப்பிற்குரியது. ஆப்பிள் 2011 இல் ஐமெசேஜ் என்னும் செய்தி முறையைக் கொணர்ந்தது. ஐபோனை விட்டு வேறு கைப்பேசிக்கு மாறியவர் சிலருக்கு, பழைய நண்பர் அனுப்பும் செய்திகள் வந்து சேரவில்லை. காரணம் யாதெனின், அவருடைய எண் பழைய இல்லத்தின் ஏட்டில் இன்னும் பதிந்தே இருந்தது. ஆளில்லா வீட்டின் வாயிலில் கடிதங்கள் போடப்பட்டுக் கொண்டிருந்தன. எண்ணைப் பதிவிலிருந்து நீக்கிக் கொள்வதற்கென ஒரு தனி வழியை அந்நிறுவனம் 2014 நவம்பரில் அளித்தது. உடலை விட்டு நீங்கினாலும் சேர்த்து வைத்த வினை நீங்குவதில்லை. உதயத்திற்கு வரும் காலம் வரை சத்தையில் கிடக்கும் என்று ஆகமம் கூறுவதை விளக்க இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

நால்வகைப் பந்தம்

இனி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வோம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் பந்தத்தை நால்வகையாகப் பகுத்துள்ளார். பிரகிருதி, ஸ்திதி, அனுபாகம், பிரதேசம் என்பன அவை. கட்டுவது எத்தன்மையது என்பது பிரகிருதி. எவ்வளவு காலம் கட்டும் என்பது ஸ்திதி. எவ்வளவு வலிமையுடன் பயன் தரும் என்பது அனுபாகம். எவ்வளவு அளவு வந்து ஒட்டியது என்பது பிரதேசம்.

இந்நான்கனுள், தன்மையும் அளவும் யோகத்தால், அஃதாவது மனம், மொழி, மெய்களின் அசைவால் விளைகின்றன. காலமும் வலிமையும் கஷாயத்தால், அஃதாவது சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் ஆகியவற்றால் விளைகின்றன. இப்பகுப்பினை நம் சிறுவர்கள் மனப்பாடமாகச் சொல்வர். இதனுள் அடங்கிய நுட்பத்தைக் கைப்பேசியில் பொருத்திப் பார்ப்போம்.

அக்கருவிக்குள் என்னென்ன சேர்ந்தன, எவ்வளவு சேர்ந்தன என்பது நம் விரலின் அசைவால் விளைந்தது. ஒரு நாளில் நூறு முறை தொடுகின்றோம். ‘ஒப்புகிறேன்’ என்னும் இடத்தைப் படித்துப் பாராமல் அழுத்துகின்றோம். இப்பிரமாதமே ஊற்றின் வாயிலாகும். ஆனால், சேர்ந்தவை எத்தனை ஆண்டுகள் நம்மை விடாது பற்றும், பிரியும் வேளையில் எவ்வளவு துன்பம் தரும் என்பது விரலால் விளைவதன்று, பற்றினால் விளைவது. எம் கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. அவற்றுள் பல அழிந்திருந்தால் நாம் அறிந்தும் இருக்கமாட்டோம். நாற்பத்தொரு குரற் பதிவுகளோ அளவில் மிகச் சிறியன. எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரமும் ஓடாது. எனினும், எம்மை இரண்டாண்டுகள் அசையாது நிறுத்தியவை அவையே. பிரதேசம் சிறிது; அனுபாகம் பெரிது. வினைகள் எட்டனுள் மோகனீயமே தலையாயது என்றும், அதன் உச்ச ஸ்திதி எழுபது கோடாகோடி சாகரோபமம் என்றும் ஆசாரியர் கூறியதன் காரணம் இதனால் விளங்கும்.

உடைமைக்கும் பற்றுக்கும் உள்ள வேறுபாட்டினை அறிய ஒரே ஒரு சோதனை போதும். இதனை விட்டுச் செல்ல நம்மால் இயலுமா என்று வினவிக் கொள்ள வேண்டும். இயலுமாயின் அது நாம் வைத்திருக்கும் பொருள். இயலாதாயின் அப்பொருளே நம்மை வைத்திருக்கிறது. பரிக்கிரகம் என்பது பொருளின் பெயரன்று, அதன்மேல் உள்ள மயக்கத்தின் பெயர் என்று சூத்திரகாரர் வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே ஆகும்.

பெரிய மரக்காலும் சிறிய மரக்காலும்

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். எல்லாப் பழியையும் நம் பற்றின் மேலேயே சுமத்துவது முறையா? பூட்டுச் செய்தவருக்குப் பொறுப்பில்லையா? இது நேர்மையான வினா. நேர்மையாகவே விடையிறுக்க வேண்டும்.

உவமை என்பது ஓரளவே பொருந்தும். கர்ம பந்தத்தில் பூட்டுபவர் வேறு, பூட்டுண்பவர் வேறு அல்லர். நம் வினையை நாமே கட்டுகின்றோம், நாமே நுகர்கின்றோம், நாமே உதிர்க்கின்றோம். பிறர் எவரும் நம்மைக் கட்டவும் இயலாது, விடுவிக்கவும் இயலாது. கைப்பேசியிலோ வெளியே நின்று பூட்டுச் செய்பவர் உண்டு. அதனை மறைத்தல் ஆகாது.

எபிக் கேம்ஸ் என்னும் விளையாட்டு நிறுவனம் ஆப்பிள் மீது அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 2021 ஆம் ஆண்டு விசாரிக்கப்பட்டபோது, ஆப்பிளின் உயர் அலுவலர்கள் முன்னாளில் தமக்குள் எழுதிக் கொண்ட மடல்கள் வெளிவந்தன. ஐமெசேஜை ஆண்ட்ராய்டிலும் தந்துவிட்டால், ஐபோன் வைத்துள்ள குடும்பத்தினர் தம் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுப்பதற்கு உள்ள தடை நீங்கிவிடும் என்று 2013 இல் ஒருவர் எழுதியிருந்தார். அவ்வாறு தருவதால் நமக்கு நன்மையினும் தீமையே மிகுதி என்னும் கருத்தினை 2016 இல் மற்றொருவர் எழுதியிருந்தார். 2024 மார்ச் 21 அன்று அமெரிக்க நீதித் துறையும் பல மாநிலங்களும் அந்நிறுவனத்தின் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தன. வாடிக்கையாளர் வேறு கைப்பேசிக்கு மாறுவதைக் கடினமாக்கியமை அவ்வழக்கின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அந்நிறுவனம் அதனை மறுத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்முறைச் சந்தைகள் சட்டம், பெருநிறுவனங்கள் 2024 மார்ச் 7 முதல் கடைப்பிடிக்க வேண்டியதாயிற்று. பயன்படுத்துவோர் தம் தரவினைத் தம்முடன் எடுத்துச் செல்லும் உரிமையை அது வலியுறுத்துகிறது. நம் நாட்டில் 2019 ஆம் ஆண்டு மசோதாவில் இடம்பெற்றிருந்த அத்தகைய உரிமை, 2023 ஆம் ஆண்டு நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

அறநூல் இதனை எவ்வாறு நோக்கும்? கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று அளவைகளில் கூட்டலும் குறைத்தலும் ஆகும். வாங்குவதற்குப் பெரிய மரக்காலையும், கொடுப்பதற்குச் சிறிய மரக்காலையும் பயன்படுத்தும் வாணிகனை நம் ஆசாரியர்கள் குற்றமுடையவன் என்றனர். வரும் வாயிலை அகலமாகவும் செல்லும் வாயிலைக் குறுகலாகவும் அமைப்பது அம்மரக்கால் வாணிகத்திற்கு மிக அண்மையில் நிற்கிறது என்பது எம் கருத்து. நம் இளைஞர் பலர் கணினித் துறையில் பணிபுரிகின்றனர். அவர்களுக்கு இதனை அன்புடன் கூறுகின்றோம். நீங்கள் செய்யும் செயலியில், வேண்டுவோர் தம் பொருளை எடுத்துக்கொண்டு வருத்தமின்றி வெளியேற ஒரு வாயில் வையுங்கள். அணுவிரதத்தை அலுவலகத்தில் காக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. நிறுவனம் செய்தது பூட்டு மட்டுமே. நாம் உள்ளே எதனைக் கொண்டு வைத்தோம் என்பது நம் செயல். பூட்டினைச் சட்டம் ஒரு நாள் திறக்கலாம். மோகத்தைத் திறக்கும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை.

மாறுதல் வீடு ஆகுமா?

சிலர், மாறிவிட்டால் விடுதலை கிடைத்துவிடும் என்று எண்ணுகின்றனர். ஒரு நிறுவனத்தின் மேல் சினம் கொண்டு மற்றதற்குச் செல்கின்றனர். இரண்டாண்டு கழித்துப் புதியதன் மேலும் சினம் கொள்கின்றனர். இது கதி மாற்றமே அன்றி முத்தி அன்று. நரகரும், விலங்கும், மக்களும், தேவரும் ஆகிய நாற்கதிகளுள் எதில் பிறப்பினும் பிறப்பே. தேவ கதியில் வசதி மிகுதி; ஆயினும் ஆயுள் முடிந்தவுடன் அங்கிருந்தும் நீங்க வேண்டும். பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் போற்றும் குந்தகுந்தாசாரியர், பொன் விலங்காயினும் இரும்பு விலங்காயினும் கட்டுவதில் வேறுபாடில்லை என்னும் கருத்தினைச் சமயசாரத்தில் அருளியுள்ளார். விலை உயர்ந்த கைப்பேசிக்கும் விலை குறைந்த கைப்பேசிக்கும் அது பொருந்தும்.

இவற்றுள் எதுவும் நிலையானதும் அன்று. ஒரு காலத்தில் உலகின் பெருஞ்செல்வரும் அதிகாரிகளும் பெருமையுடன் ஏந்திய பிளாக்பெரி கைப்பேசிகளுக்கு, அதன் சொந்த இயங்குதளத்தில் இயங்கியவற்றிற்கு, 2022 ஜனவரி 4 ஆம் நாளுடன் சேவை நிறுத்தப்பட்டது. அழைப்புகளும் செய்திகளும் அவற்றில் செயற்படும் என்னும் உறுதி அன்றோடு போயிற்று. பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் முதலாவதான அநித்தியத்தை நினைப்பதற்கு இதுவும் ஓர் ஏது.

இளையோர், யாருடைய கைப்பேசி உயர்ந்தது என்று கட்சி கட்டிப் பேசுவதைக் கேட்கின்றோம். அமெரிக்காவில் செய்திக் கட்டத்தின் நிறம் நீலமா, பச்சையா என்பதைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எள்ளியதும் உண்டு. எண்வகை மதங்களுள் செல்வச் செருக்கும் ஒன்றன்றோ? நற்காட்சியைக் கெடுப்பனவாக ஆசாரியர் விலக்கிய அவ்வெட்டும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தில் கூறப்பட்டுள்ளன. விற்பவன் செய்த பொருளுக்காக வாங்கியவன் பெருமைப்படுவதும், அதன் பொருட்டு உடன் பயிலும் பிள்ளையை இகழ்வதும் மிகப் பேதைமை.

செறிப்பும் உதிர்ப்பும்

நோயைக் கூறி மருந்தைக் கூறாதொழிதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஓட்டை விழுந்த படகில் நீர் நிறைகிறது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். பிறகு நீரை இறைக்க வேண்டும். அடைப்பது செறிப்பு, இறைப்பது உதிர்ப்பு. ஓட்டையை அடைக்காமல் இறைப்பவர் களைத்துப் போவர்.

செறிப்பிற்குச் சாவகர்க்கு உகந்த விரதம் போகோபபோக பரிமாணம். உணவைப் போல் ஒருமுறை நுகர்ந்து கழிவது போகம். ஆடையைப் போல் மீண்டும் மீண்டும் நுகர்வது உபபோகம். கைப்பேசி உபபோகப் பொருள். ஆதலின் அதற்கு அளவு வரைதல் நம் விரதத்திற்குள் அடங்கியதே. வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். காலவரையறையுடன் கொள்வது நியமம். யமம் அரிதெனின் நியமமாகவேனும் கொள்ளலாம். புதிய செயலியில் நுழையுமுன் வெளியேறும் வாயில் எங்கே என்று கேட்டறிதல், தேவையற்ற செயலிகளைச் சேர்க்காதிருத்தல், இலவசம் என்றவுடன் குதிரில் கொட்டாதிருத்தல், பிறர் வைத்திருக்கிறார் என்பதற்காக வாங்காதிருத்தல் ஆகியவை இந்நியமத்தின் உறுப்புகள்.

உதிர்ப்பிற்கு ஒரு நாளைக் குறிப்பிட விழைகின்றோம். தசலட்சண பருவத்தின் ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யத்திற்கு உரியது. ‘எனது என்று எதுவும் இல்லை’ என்னும் பாவனையைப் பயிலும் நாள் அது. ஆண்டுதோறும் அந்நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் குடும்பத்துடன் அமர்ந்து, கைப்பேசியில் சேர்ந்தவற்றை நோக்குங்கள். வேண்டாதவற்றை நீக்குங்கள். வேண்டியவற்றை, எந்தக் கருவியிலும் திறக்கத்தக்க பொதுவான வடிவில், நம் கையிலுள்ள தனிச் சேமிப்பகத்தில் படியெடுத்து வையுங்கள். இன்றியமையாத எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு, இன்றே இக்கருவியை விட நேரின் விடுவோமா என்று ஒவ்வொருவரும் தமக்குத்தாமே வினவிக் கொள்ளுங்கள். உள்ளம் எந்த இடத்தில் தயங்குகிறதோ, அந்த இடத்தில்தான் கட்டு உள்ளது. அந்த இடத்தை அறிவதே பெரிய உதிர்ப்பு.

அவ்விரவிற்குப் பின்

எம் இல்லத்து நிகழ்ச்சியை இடையில் விட்டோம். விடியற்காலையில் பேத்தி எழுந்து, பழைய கைப்பேசியில் இடமின்மையே தடை என்று கண்டறிந்தாள். வேண்டாத படங்கள் பலவற்றை நீக்கிய பின்னர் மாற்றம் முழுமையாக நடைபெற்றது. சுவாத்தியாயக் குறிப்புகள் அவ்வழியே வரவில்லை. அவற்றைத் தாளில் மீண்டும் எழுதி வருகின்றோம். எழுதும்போது மறந்தவை பல நினைவிற்கு வருகின்றன. நாற்பத்தொரு பதிவுகளும் வந்து சேர்ந்தன. அவற்றைச் செயலியிலிருந்து பிரித்து, பொதுவான ஒலி வடிவில் சிறிய சேமிப்பகங்களில் படியெடுத்து மக்கள் மூவருக்கும் கொடுத்தோம். இனி அவை எந்த நிறுவனத்தின் குதிரிலும் அடைபட்டவை அல்ல.

அவற்றை அழித்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. முற்றத் துறத்தல் முனிவர்க்கு உரியது. நாம் இல்லறத்தார், படிப்படியாக ஏறுவோர். ஆனால், அவ்விரவில் பேத்தி உறங்கும் அறையின் வெளியே அமர்ந்திருந்தபோது ஒன்று புலனாயிற்று. எம் துணைவர் பத்தொன்பது நாட்களும் எம்மிடம் கேட்டது ஒரே கேள்வி. அக்கேள்வியை நான்காண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டிருந்தோமே அன்றி, அதற்கு விடை கூறினோமில்லை. அவர் குரலைக் கேட்டு அழுது கொண்டிருந்த மாலைகளில் பொழுது சாய்ந்த பின்னரே உண்ட நாட்களும் உண்டு என்பதை இப்பக்கத்தில் வெட்கத்துடன் ஒப்புக் கொள்கின்றோம்.

இப்பொழுது நாள்தோறும் கதிரவன் மறையுமுன் உண்கின்றோம். குரலைக் கேட்கத் தோன்றும் நாட்களில் கேட்கின்றோம். தோன்றாத நாட்களில் கேட்பதில்லை. அவர் கேட்ட கேள்விக்குரிய விடை எந்தக் கைப்பேசியிலும் இல்லை. அதனை ஒருவர் பூட்டவும் இயலாது. மாற்றும்போது தவறவிடவும் இயலாது. இவ்வுயிருடன் வருவது அதுபோன்ற ஒழுக்கம் மட்டுமே.

பவ்ய ஜீவன்களே! கருவிகள் வரும், போகும். நிறுவனங்கள் எழும், வீழும். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளை மட்டும் நம் உயிரின் உடைமையாகச் சேர்ப்போம். கட்டு இருக்கும் இடத்தை அறிந்து, ஊற்றை அடைத்து, சேர்ந்ததை உதிர்த்து, வீட்டு நெறியில் ஓரடியேனும் முன் வைப்போமாக.

அருகன் அடி போற்றி! ஜினதருமம் ஓங்குக! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!